பேசும் கணினிக்குள் இன்னொரு கணினி

விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை ஒரு மெய்நிகர் கணினியில் இணைத்து இயக்கினால், கறுப்புத் திரையில் முதலில் ஒரே ஒரு வரி தோன்றும். வட்டிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும் வரி அது. சில நொடிகளில் மறைந்துவிடும். கண்ணால் பார்ப்பவர் ஒரு விசையைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். பார்வையற்றவருக்கு அந்த வரி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதைத் தவறவிட்ட கணினி, வலையமைப்பு வழியாகத் தொடங்க முடியுமா என்று தேடிப் பார்த்து, முடியாமல் அப்படியே நின்றுவிடும். அவரோ உள்ளே நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் அரை மணி நேரம் காத்திருப்பார்.

ஒரு கணினிக்குள், மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினியில், இரண்டாவது இயங்குதளத்தை ஓட்ட விரும்பும் பார்வையற்றவர்கள் சந்திக்கும் தடைகளில் பெரும்பாலானவை இந்தச் சாயல் கொண்டவை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானின் பேச்சு வந்த பிறகு அவர்களுக்குச் சிரமம் குறைவு. பேச்சு வருவதற்கு முந்தைய அமைதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. இருபது ஆண்டுகளாக அந்த அமைதியைக் குறைக்க என்னென்ன நடந்திருக்கிறது, எது இன்னும் மிச்சம் என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இவர்களுக்கு இரண்டாவது இயங்குதளம் எதற்கு என்ற கேள்வி எழலாம். மற்றவர்களுக்கு எதற்கோ, அதற்குத்தான். மேக் கணினியை விரும்பி வாங்கியவருக்கு அலுவலக மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும். கணினி அறிவியல் படிக்கும் மாணவருக்கு லினக்ஸ் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஒலி விளையாட்டுகளை மறக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். இவர்களைவிட அழுத்தமான தேவை இணையதளம் கட்டுபவர்களுக்கு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம், 2024-இன் தொடக்கத்தில் முடித்த கருத்தாய்வில், திரைவாசிப்பான் பயன்படுத்துவோரில் 40.5 விழுக்காட்டினர் ஜாஸையும், 37.7 விழுக்காட்டினர் என்விடிஏவையும், 9.7 விழுக்காட்டினர் வாய்ஸ்ஓவரையும் முதன்மையாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஜாஸும் என்விடிஏவும் விண்டோஸுக்கு உரியவை. வாய்ஸ்ஓவர் ஆப்பிளுடையது. ஒரு பக்கம் எல்லோருக்கும் சரியாகப் பேசுகிறதா என்று சோதிக்க வேண்டிய பார்வையற்ற நிரலாளர் இரண்டு கணினி வாங்க வேண்டும், அல்லது ஒன்றுக்குள் இன்னொன்றை ஓட்ட வேண்டும்.

மெய்நிகர் கணினி பழைய யோசனை. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே பெருங்கணினிகளில் முயன்று, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணினிக்கு அதை இறக்கியது 1999-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன். திரைவாசிப்பான்களின் வரலாறும் பக்கத்திலேயே ஓடுகிறது. டாஸ் காலத்தில், 1989-இல், டெட் ஹென்டரின் நிறுவனம் ஜாஸை வெளியிட்டது. 2005 ஏப்ரலில் மேக்கில் வாய்ஸ்ஓவர் வந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். அது இலவசம், மூலநிரலும் திறந்தது. அதே ஆண்டு ஓர்கா, லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டில்தான் மேக் கணினிகள் இன்டெல் சில்லுக்கு மாறின, அவற்றில் மெய்நிகர் கணினி ஓட்டும் பேரலல்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு விஎம்வேர் ஃப்யூஷனும் விர்ச்சுவல்பாக்ஸும் வந்தன. ஆக 2007 வாக்கில், ஒரே மடிக்கணினியில் வாய்ஸ்ஓவர், என்விடிஏ, ஓர்கா மூன்றையும் வைத்துக்கொள்வது முதல்முறையாகச் சாத்தியமானது. யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. ஆனால் பார்வையற்றவர்களுக்கு அந்த மூன்று ஆண்டுகள் ஒரு பெரிய வாசல்.

தொழில்நுட்பத்தில் ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. அது மென்பொருளிடம் கேட்கிறது. ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்டால், ‘பொத்தான், பெயர் சேமி’ என்று மென்பொருள் பதில் சொல்ல வேண்டும். மெய்நிகர் கணினியின் சாளரத்திடம் இதே கேள்வியைக் கேட்டால் ஒரு பதிலும் கிடைக்காது. வெளியே இருக்கும் கணினியை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் தொழிலில் சொல்கிறார்கள். கெஸ்ட்டின் திரை முழுவதும் ஹோஸ்ட்டுக்கு ஒற்றைப் படம். அதற்குள் நூறு பொத்தான்கள் இருந்தாலும் ஹோஸ்ட்டின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் புள்ளிகளின் தொகுப்பு. எனவே கெஸ்ட் தன் வாயால் பேச வேண்டும். அதற்குத் தனித் திரைவாசிப்பான் வேண்டும். அந்தப் பேச்சு வெளியே வர மெய்நிகர் ஒலி அட்டை வேலை செய்ய வேண்டும். அதற்கான இயக்கி கெஸ்ட்டில் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அமைதிதான்.

நிறுவலின்போது அந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுந்தே இருக்கும். இதில் நல்ல முன்மாதிரி லினக்ஸ் வழங்கலான டெபியன். 2013-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பிலிருந்து, தொடக்கப் பட்டியலில் ‘எஸ்’ விசையையும் என்டரையும் அழுத்தினால் நிறுவி பேசத் தொடங்கும். மொழி, விசைப்பலகை, வட்டுப் பிரிப்பு என ஒவ்வொரு கேள்வியையும் எண்ணிட்டு வாசிக்கும். எண்ணைத் தட்டிப் பதில் சொல்லலாம். நிறுவி முடித்ததும் புதிய இயங்குதளமும் பேசிக்கொண்டே எழும். தொடக்கப் பட்டியல் தயாரானதும் ஒரு ‘பீப்’ ஒலிக்கும்படியும் செய்திருக்கிறார்கள். மெய்நிகர் கணினியில் மட்டும் அந்த ஒலி பல நேரம் வெளியே வராது, ஏனென்றால் பழைய கணினிப் பெட்டிகளின் உள் ஒலிப்பானை மெய்நிகராக்கும் அக்கறை எல்லா மென்பொருளுக்கும் இல்லை. சில நொடி பொறுத்து ‘எஸ்’ அழுத்திப் பார்ப்பதுதான் வழக்கம். உபுண்டுவில் நேரடி அமர்வு எழுந்ததும் சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த ஓர்கா பேசும்.

விண்டோஸ் நெடுங்காலம் பின்தங்கி இருந்தது. அதன் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டர் 2000-லிருந்தே விண்டோஸில் உண்டு. ஆனால் நிறுவலின் முதல் கட்டத்தில் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில்தான், நிறுவல் திரையிலேயே கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் அழுத்தி அதை எழுப்ப முடிந்தது. மெய்நிகர் ஒலி அட்டைக்கான இயக்கி நிறுவல் ஓடும் சிறு சூழலில் இருந்தால்தான் அதுவும் பேசும். அதற்கு முன்பு பார்வையற்றவர்களைக் காப்பாற்றியது விஎம்வேரின் ‘ஈஸி இன்ஸ்டால்’. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஹோஸ்ட்டில், தன் திரைவாசிப்பான் பேசும் இடத்திலேயே கொடுத்துவிடலாம். மீதியை அது கேள்வி கேட்காமல் முடித்துவிடும். பார்வையுள்ளவர்களுக்குச் சோம்பல் வசதியாகச் செய்யப்பட்ட ஒன்று, பார்வையற்றவர்களுக்குத் தன்னந்தனியாக விண்டோஸ் நிறுவும் வழியாக ஆனது. விர்ச்சுவல்பாக்ஸிலும் கட்டளை வரி மூலம் இதையே செய்யலாம். கட்டளை வரி வெறும் எழுத்து. எழுத்தை எந்தத் திரைவாசிப்பானும் வாசிக்கும்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. உண்மைக் கணினியின் பயாஸ் திரை பார்வையற்றவருக்கு முற்றிலும் மூடிய அறை. மெய்நிகர் கணினியிலோ அதே திரை ஹோஸ்ட்டில் ஒரு சாளரம். படமாக இருந்தாலும் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் இன்று திரைவாசிப்பானுக்குள்ளேயே இருக்கிறது. என்விடிஏவில் 2017 முதல், என்விடிஏ விசையோடு ‘ஆர்’ அழுத்தினால் போதும். ஜாஸில் அதற்கும் முன்பிருந்தே உண்டு. கெஸ்ட் பேசாமல் நின்றால், ஹோஸ்ட்டுக்குத் திரும்பி, சாளரத்தை ஓசிஆர் கொண்டு வாசித்து, ‘வட்டு கிடைக்கவில்லை’ என்றோ ‘கடவுச்சொல் தருக’ என்றோ அறிந்துகொள்ளலாம். உண்மைக் கணினியில் இதற்கு ஒரு பார்வையுள்ளவரைக் கூப்பிட வேண்டும், அல்லது கைப்பேசியின் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்துப் போராட வேண்டும். பார்வையற்றவர் வேறு எந்தத் துணையும் இல்லாமல் பயாஸ் அமைப்பை வாசிக்கக்கூடிய இடம் மெய்நிகர் கணினிதான்.

மைக்ரோசாஃப்ட்டின் மெய்நிகராக்கும் மென்பொருளான ஹைப்பர்-வியில் நிலைமை வேறு. அதன் மேலாண்மைச் சாளரங்களைத் திரைவாசிப்பான் நன்றாகவே வாசிக்கும். ஆனால் உள்ளே ஒலி அட்டையே கிடையாது. ‘மேம்பட்ட அமர்வு’ என்ற முறையில் தொலைமேசை வழியாக ஒலி வரும். அது கெஸ்ட் விண்டோஸ் முழுதாக எழுந்து இணைப்பை ஏற்ற பிறகுதான். நிறுவும்போது ஒரு சொல்கூடக் கேட்காது. வழங்கிக் கணினிகளைக் கவனிப்பவருக்கு ஹைப்பர்-வி ஏற்றது. கற்றுக்கொள்ள வருபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இனி விசைப்பலகை. பேச்சு வந்துவிட்ட பிறகும் நாளெல்லாம் உரசிக்கொண்டிருக்கும் இடம் இதுதான்.

பார்வையற்றவருக்குச் சுட்டி இல்லை. எல்லாமே விசைச் சேர்க்கைகள். ஹோஸ்ட்டின் திரைவாசிப்பான் தன் விசைகளை எல்லோருக்கும் முன்பாகப் பிடித்துக்கொள்ளும். கெஸ்ட்டின் திரைவாசிப்பானும் அவற்றையே கேட்கும். மேக்கில் வாய்ஸ்ஓவரின் கட்டளைகள் கண்ட்ரோல், ஆப்ஷன் இரண்டையும் பிடித்துத் தொடங்குகின்றன. உள்ளே ஓடும் விண்டோஸுக்கு அந்த ஆப்ஷன் விசையே ஆல்ட். விண்டோஸ் திரைவாசிப்பான்களில் அட்டவணைக்குள் கட்டம் கட்டமாக நகர கண்ட்ரோல், ஆல்ட்டோடு அம்புக்குறி அழுத்த வேண்டும். வாய்ஸ்ஓவர் விழித்திருந்தால் அந்த அம்பு கெஸ்ட்டுக்குப் போகவே போகாது. அதனால்தான் ஃப்யூஷனுக்குள் நுழையும்போது கமாண்ட், எஃப்5 அழுத்தி வாய்ஸ்ஓவரை நிறுத்துவதும், வெளியே வந்ததும் மீண்டும் எழுப்புவதும் பார்வையற்ற மேக் பயனர்களின் கைப்பழக்கமாகிவிட்டது.

என்விடிஏவுக்கும் ஜாஸுக்கும் அடிப்படை விசை இன்செர்ட். மேக் விசைப்பலகையில் இன்செர்ட் கிடையாது. மாற்றாக இரண்டும் கேப்ஸ் லாக்கை ஏற்கும். 2016 முதல் வாய்ஸ்ஓவரும் அதே கேப்ஸ் லாக்கைத் தன் விசையாக ஏற்கிறது. போதாததற்கு, கேப்ஸ் லாக் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி மேக்கிலிருந்து கெஸ்ட்டுக்குப் பல அமைப்புகளில் சரியாகப் போய்ச் சேராது; தட்டி விட்டதாகவே போகும். ஆகவே மேக்கில் கேரபைனர், விண்டோஸில் ஷார்ப்கீஸ் போன்ற சிறு மென்பொருள்களால் ஏதாவது ஒரு உதவாத விசையை, பெரும்பாலும் வலப்பக்கக் கமாண்டை, இன்செர்ட்டாக மாற்றிக்கொள்கிறார்கள்.

விண்டோஸுக்குள் விண்டோஸ் ஓட்டுபவருக்கு இன்னொரு தொல்லை. இரண்டு பக்கமும் என்விடிஏ, ஒரே விசைகள், சில நேரம் ஒரே குரல். இதற்கு என்விடிஏவிலேயே மருந்து இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் மட்டும் அது தூங்கும்படி செய்யலாம். மெய்நிகர் கணினியின் சாளரத்தில் நின்று, மேசைக் கணினி விசையமைப்பில் என்விடிஏ விசை, ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் ஹோஸ்ட்டின் என்விடிஏ அந்தச் சாளரத்தில் வாய் மூடி விசைகளையும் விட்டுவிடும். வெளியே வந்ததும் பழையபடி பேசும். குரல்களையும் வேறுபடுத்திக்கொள்வது நல்லது. உள்ளே ஈஸ்பீக் குரல், வெளியே வேறு ஒன்று என்று வைத்துவிட்டால் இப்போது எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

வெளியே வருவதற்கான விசையும் பொறிதான். விண்டோஸ் ஹோஸ்ட்டில் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் அது வலப்பக்கக் கண்ட்ரோல். எந்தத் திரைவாசிப்பானிலும் பேச்சை நிறுத்தக் கை தானாகப் போவது கண்ட்ரோலுக்குத்தான். பேச்சை நிறுத்த நினைத்து வலப்பக்கம் தட்டினால் விசைப்பலகை கெஸ்ட்டிலிருந்து விடுபட்டுவிடும். அடுத்துத் தட்டுவது எல்லாம் வேறு இடத்துக்குப் போகும். பார்ப்பவர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார். கேட்பவர் ஒரு வாக்கியம் தட்டி முடித்த பிறகுதான் சந்தேகப்படுவார். முதல் வேலையாக அந்த விசையை வேறொன்றாக மாற்றிவிட வேண்டும். விஎம்வேரின் கண்ட்ரோல், ஆல்ட் சேர்க்கையோடும் ஷிஃப்ட்டைச் சேர்த்துக்கொள்ள அமைப்புகளில் இடமுண்டு.

ஒலி பற்றிப் பேசும்போது பார்வையுள்ள நிரலாளர்கள் சாதாரணமாக ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பாட்டு கால் நொடி தாமதமாகத் தொடங்கினால் யாரும் கவலைப்படுவதில்லை. தட்டிய எழுத்து கால் நொடி கழித்துக் காதில் விழுந்தால் வேலையே ஓடாது. அம்புக்குறியால் பட்டியலில் இறங்குபவர் முதல் ஒலியைக் கேட்டவுடன் அடுத்ததற்குப் போகிறார். அந்த முதல் ஒலி தாமதித்தால் அவர் நடையே தடுமாறுகிறது. மெய்நிகர் ஒலி அட்டைகள் இந்தக் கண்ணோட்டத்தில் சோதிக்கப்பட்டவை அல்ல. விர்ச்சுவல்பாக்ஸில் ஏசி97, எச்டி ஆடியோ என்று அட்டை வகையை மாற்றிப் பார்ப்பதும், விஎம்வேரில் கணினியின் அமைப்புக் கோப்பைத் திறந்து ஒலி வகையை எச்டி ஆடியோவாக எழுதுவதும், கெஸ்ட்டுக்கு இரண்டு செயலிக் கருக்களாவது ஒதுக்குவதும் பலருக்குப் பலன் தந்திருக்கிறது. லினக்ஸ் கெஸ்ட்டில் சொல்லின் முதல் அசை விழுங்கப்படுவது தீராத பழைய குறை.

ஒலியையே விட்டுவிடுவது இன்னும் நல்ல வழி. கெஸ்ட் பேச வேண்டியதை எழுத்தாக ஹோஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டால், ஹோஸ்ட்டின் குரல் அதை உடனே வாசித்துவிடும். என்விடிஏ ரிமோட் என்ற துணைநிரல் பல ஆண்டுகளாக இதைச் செய்தது, 2025.1 பதிப்பில் அது என்விடிஏவுக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டு கணினிக்கு இடையே இணைப்பைத் தன் கணினியிலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம். பிரெய்ல் காட்டியும் கூடவே வேலை செய்யும். லினக்ஸ் கற்பவருக்கு இதுவும் தேவையில்லை. கெஸ்ட்டைத் திரையே இல்லாமல் ஓடவிட்டு, எஸ்எஸ்எச் வழியாக ஹோஸ்ட்டின் முனையத்திலிருந்து நுழைந்தால் எல்லாமே எழுத்து. 2016-இல் வந்த விண்டோஸின் லினக்ஸ் துணையமைப்பும் இப்போது உள்ளுக்குள் ஒரு மெய்நிகர் கணினிதான். கட்டளை வரி லினக்ஸ் மட்டும் போதும் என்பவருக்கு மேலே சொன்ன தொல்லைகளில் முக்கால்வாசி அதில் கிடையாது.

பிரெய்ல் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு வழிகள். யூஎஸ்பி காட்டியை ஹோஸ்ட்டிலிருந்து பிடுங்கி கெஸ்ட்டுக்குக் கொடுப்பது ஒன்று. அப்போது ஹோஸ்ட் கைவிடப்பட்டுவிடும். இரண்டாவதை க்யூஇஎம்யூ என்ற மெய்நிகராக்கும் மென்பொருள் செய்கிறது. அது கெஸ்ட்டுக்குள் ஒரு பாவனை பிரெய்ல் காட்டியைக் காட்டி, அதில் கெஸ்ட் எழுதுவதை ஹோஸ்ட்டின் பிரெய்ல் மென்பொருளான பிஆர்எல்டிடிஒய் வழியாக உண்மைக் காட்டியில் விரலுக்குக் கீழே கொண்டுவருகிறது. டெபியன் அணுகல்தன்மைக்காக நெடுநாள் உழைத்துவரும் சாமுவேல் திபோ சேர்த்த வசதி இது. பரவலாக அறியப்படவில்லை, ஆனால் நான் பார்த்தவற்றுள் மிகச் சரியான சிந்தனை இதுவே. பார்வையற்றவரின் கருவியை உயிரற்ற ஒலி அட்டைக்கு மாற்றாக நினைக்காமல், திரையைப் போலவே மெய்நிகராக்க வேண்டிய வன்பொருளாக நினைத்திருக்கிறார்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் வன்பொருளில் மட்டுமே மெய்நிகராக ஓட்ட ஆப்பிளின் உரிமம் இடம் தருகிறது. விண்டோஸ் கணினியில் வாய்ஸ்ஓவரைச் சோதிக்க நேர்வழி இல்லை. ஜாஸுக்கு மெய்நிகர் கணினியும் தனிக் கணினியாகவே கணக்காகும். விஎம்வேரின் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் ஃப்யூஷன் ப்ரோவும் 2024 மே மாதம் தனிப் பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாயின. இந்திய மாணவருக்கு இது சிறிய செய்தி அல்ல. 2020-இல் மேக் தன் சொந்தச் சில்லுக்கு மாறியதும் உள்ளே ஏஆர்எம் விண்டோஸ்தான் ஓட வேண்டியதாயிற்று. அதில் என்விடிஏ ஓடியது, ஜாஸ் நெடுநாள் ஓடவில்லை.

தமிழ் வாசிப்பவருக்கு ஒரு தகவல். ஈஸ்பீக் என்ஜியில் தமிழ் உண்டு. என்விடிஏவோடும், பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் ஓர்காவோடும் அது சேர்ந்தே வருகிறது. குரல் இயந்திரத்தனமானது, உச்சரிப்பு காதை உறுத்தும். ஆனாலும் புதிதாக நிறுவிய கெஸ்ட்டில் முதல் நாளே தமிழை வாசிக்கக் கிடைப்பது அதுதான். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலைத் தனியே இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸில் பேச்சு முதலிலேயே அமைந்திருக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு, கேரளத்தில் உருவாக்கப்பட்டு உபுண்டு மேட்டே மேல் கட்டப்பட்ட அக்சசிபிள் கோகனட் என்ற வழங்கல் இருக்கிறது.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் இதை ஏன் பரிந்துரைக்கிறேன்? ஸ்னாப்ஷாட் என்ற ஒரே வசதிக்காக. உண்மைக் கணினியில் ஒலி இயக்கியைத் தவறுதலாக நீக்கிவிட்ட பார்வையற்றவர் அந்த நொடியிலிருந்து ஊமைப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பயத்தாலேயே பலர் தங்கள் கணினியின் அமைப்புகளைத் தொடுவதே இல்லை. மெய்நிகர் கணினியில் பேச்சு வந்த நிலையை ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டால், பிறகு எதை உடைத்தாலும் ஒரு கட்டளையில் அந்தப் பேச்சுக்குத் திரும்பலாம். யாரையும் கூப்பிட வேண்டாம். கணினியை உடைத்து உடைத்துக் கற்ற சுதந்திரம் பார்வையுள்ள நிரலாளர்கள் அத்தனை பேருக்கும் கிடைத்தது. அதே சுதந்திரம் இவர்களுக்கு இங்கே கிடைக்கிறது.

மிச்சம் இருக்கும் வேலை மென்பொருள் எழுதுபவர்களுடையது. கெஸ்ட் எழுத்து முறைத் திரையில் இருக்கும்போது, எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று மெய்நிகராக்கும் மென்பொருளுக்குத் தெரியும். க்யூஇஎம்யூ அதை வைத்துக்கொண்டு, ‘கர்சஸ்’ என்னும் காட்சி முறையில், கெஸ்ட்டின் பயாஸ் வரிகளையும் தொடக்கப் பட்டியலையும் படமாக்காமல் ஹோஸ்ட்டின் முனையத்தில் எழுத்தாகவே தருகிறது. திரைவாசிப்பானும் பிரெய்ல் காட்டியும் அதை அப்படியே வாசிக்கின்றன. விஎம்வேரும் விர்ச்சுவல்பாக்ஸும் ஹைப்பர்-வியும் அந்த எழுத்தைத் தங்கள் சாளரம் வழியாகத் திரைவாசிப்பானிடம் ஒப்படைத்தால், ஓசிஆரை நம்பி ஊகிக்க வேண்டியதில்லை. செய்யக்கூடிய வேலைதான். செய்யுங்கள்.

புதிதாகத் தொடங்கும் நண்பருக்கு: டெபியனில் தொடங்குங்கள். கணினியை இயக்கிச் சில நொடி பொறுத்து ‘எஸ்’, பிறகு என்டர். பேச்சு வந்து, நிறுவல் முடிந்து, மேசைத்தளம் எழுந்தவுடன் வேறு எதையும் தொடுவதற்கு முன் முதல் ஸ்னாப்ஷாட்டை எடுத்துவிடுங்கள்.